மசூர் சேரின் இரண்டு நிமிடம்

மசூர் சேருக்கு ஒரு வியாதி இருந்தது. சீனியும் பிரஷரும் சாய்ந்தமருது ஊரில் எல்லோருக்கும் இருப்பதுதான், அவற்றை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது வேறு. யாராவது ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தாமல் அவரால் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போவார். அங்கே ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்து, நாலடித் தண்ணிதான் கிடக்கு என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார். அவ்வளவுதான், சேர் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்துவிடுவார். கண்ணுக்குத்தான் நாலடி, கயிறு விட்டுப் பார்த்தால் ஐந்தடிக்கும் மேலே இருக்கும், தண்ணீரை விட்டுக் காற்றுக்குள் வரும்போது வெளிச்சம் வளைகிறது, அதனால்தான் கிணற்றின் அடி மேலே வந்ததுபோல் தெரிகிறது என்று ஆதியிலிருந்து விளங்கப்படுத்துவார். அவர் திரும்பிப் போகும்போது, சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இறைச்சியை முடித்துவிட்டு வெறும் சோற்றை அவருக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாப் பாடமும் எடுத்தார் என்றாலும், ஒளிமுறிவு என்றால் அவருக்கு உயிர். அந்தப் பாடம் வந்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப் போவார். அலை தூரத்தில் சரிந்து வருகிறது பாருங்கள், கரைக்குக் கிட்ட வர வர ஆழம் குறைகிறது, முதலில் ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகிறது, மற்றப் பக்கம் ஓடி வந்து சேர்கிறது, அதனால் அலை திரும்பிக் கரைக்கு நேரே வந்து விழுகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். பிள்ளைகள் அலையைப் பார்ப்பார்கள், வலை இழுப்பவர்களைப் பார்ப்பார்கள், பிறகு கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு வந்தால் பாடமாக்கியதை எழுதுவார்கள். ஆனால் ஒரு பிள்ளையும் அதை மனதார நம்பியதாக அவருக்குத் தெரியவில்லை. அந்த மனக்குறை அவருக்கு ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

அவருடைய ஒரே மகள் ஸம்றா. அவளும் ஆசிரியை, விஞ்ஞானம் எடுக்கிறாள். அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் எடுக்கும் ஸப்ரிக்கும் அவளுக்கும் விருப்பம். மூன்று வருடத்து விருப்பம். இரண்டு வீட்டாருக்கும் தெரியும், பெரிதாக யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஸப்ரியின் வாப்பா பளீல் ஹாஜியார் மட்டும் இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. கல்முனையில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். ஒரு சேலையை விற்பதற்கே பத்துத் தரம் விரித்துக் காட்டிப் பழகிய மனிதர், மகனைக் கொடுப்பதற்கு அவசரப்படுவாரா? நோன்புக்குள் ஒரு நாள் வருகிறோம், நோன்பு திறந்துவிட்டு ஆறுதலாகப் பேசுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது. மசூர் சேரின் மனைவி நஸ்லினுக்கு அது நன்றாகத் தெரியும். கஞ்சிக்கு இறைச்சி, கட்லட், பெட்டிஸ், வட்டிலப்பம் என்று இரண்டு நாளாகக் குசினியை விட்டு அவள் வெளியே வரவில்லை. கணவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இஞ்சாருங்க, இண்டைக்கு ஒருத்தரையும் திருத்தப் போகப்படாது. அவர் பூமி தட்டை எண்டு சொன்னாலும் ஓம் எண்டு சொல்லிட்டு கட்லட்ட நீட்டுங்க."

சேர் வாக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பன்னிரண்டு பேர், இவர்கள் பக்கம் மூன்று பேர், ஆகப் பதினைந்து பேருக்கு மொட்டை மாடியில் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது இந்தக் கரையின் வழக்கம். கீழ்வீட்டுக்கு மேலே ஸம்றாவுக்கென்று எழும்பிக்கொண்டிருந்த மாடியை மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டுமே என்றுதான் அந்த ஏற்பாடு. கிழக்கே கடல், மேற்கே மரம் மட்டை எதுவும் இல்லாத வயல்வெளி. காற்றுக்கும் குறைவில்லை.

அன்றைக்கென்று பார்த்து பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. கைத்தொலைபேசியைப் பார்க்கலாம் என்றால், ஹாஜியாருடையது கொழும்பில் நோன்பு திறக்கும் நேரத்தைக் காட்டியது, அங்கே சூரியன் பிந்தித்தான் மறையும். அதை நம்பினால் எட்டு நிமிடம் கூடுதலாகப் பட்டினி கிடக்க வேண்டும். கீழே குசினிச் சுவரில் நோன்பு கலண்டர் தொங்கியது, ஒரு குரல் கொடுத்திருந்தால் நஸ்லின் நேரத்தைச் சொல்லியிருப்பாள். பதினைந்து ஆண்களில் ஒருவருக்கும் பெண்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

சேர் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார். உப்புக் காற்று கொங்கிறீட்டை இளக்கிவிடும் என்று ஹாஜியார் சொன்னார், சேர் விழுங்கிக்கொண்டார். இடி விழுந்த தென்னையில் மறுபடி இடி விழாது என்று ஹாஜியாரின் மச்சான் ஒருவர் சொன்னார், அதையும் விழுங்கினார். விழுங்கி விழுங்கி நோன்போடு அவருக்குத் தொண்டையே காய்ந்து போனது.

பளீல் ஹாஜியார் அன்று விடியப்புறம் கொழும்பிலிருந்து வந்தவர், சீனி வியாதிக்காரர் வேறு. பேரீச்சம்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். வயல்வெளி விளிம்பைத் தொட்டுக்கொண்டு சிவப்பாக நின்ற சூரியனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அந்தா, சூரியன் இன்னும் முழுசா நிக்கி," என்றார்.

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் சேர் தாங்கியிருப்பார். அந்த ஒரு வசனத்தைச் சொன்னதுதான் வினை.

"அது சூரியன் இல்ல ஹாஜியார்," என்றார் மசூர் சேர்.

பதினான்கு பேரும் திரும்பினார்கள். ஸப்ரிக்கு முகம் வெளுத்தது. அவனுக்கு மாமனாராக வரப்போகிறவரைத் தெரியும்.

சேர் தொடங்கிவிட்டார். சூரியனின் வெளிச்சம் வெறும் வெளியிலிருந்து காற்றுக்குள் வருகிறது. மேலே காற்று மெல்லிசு, கீழே வர வரத் தடிப்பு. தார் ரோட்டில் மீன் வண்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, சரிவாக மணலுக்குள் இறக்கிப் பாருங்கள். முதலில் மணலில் இறங்கும் சில்லு மெதுவாகிவிடும், தாரில் நிற்கும் சில்லு பழைய வேகத்தில் ஓடும், வண்டில் தானாகவே மணல் பக்கம் திரும்பிவிடும். வெளிச்சமும் அப்படித்தான், வேகம் குறையும் பக்கத்துக்குத் திரும்பி வளைந்து வருகிறது. கண்ணுக்கு அது தெரியாது. வெளிச்சம் நேராக வந்தது என்று நினைத்து, நேர்கோட்டில் மேலே ஒரு சூரியனைக் காட்டுகிறது. நாம் பார்ப்பது அதைத்தான்.

இந்த இடத்தில், முப்பத்தொரு வருடத்தில் நடக்காத ஒன்று நடந்தது. பளீல் ஹாஜியாருக்கு விளங்கிவிட்டது. அவர் வண்டில் தள்ளி வியாபாரம் தொடங்கிய மனிதர், மணலில் சில்லு இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குக் கை சொல்லும். பாயில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அப்படியென்றால் உண்மையான சூரியன் இப்போது எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையாவது கேட்காதா என்று சேர் காத்திருந்த காலத்தைச் சொன்னால் கண்ணீர் வரும்.

"கீழ," என்றார் சேர். "முழுசாக் கீழ."

"அப்ப போயித்தா?"

"ஓம், போயித்து. நூத்துக்கு நூறு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்ற ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

சேருக்குத் திக்கென்றது. பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று தன் வீட்டு மாடிக்குத் திரும்பி வந்தார். தடுப்பதற்கு நேரம் இருந்தது. வேண்டாம் ஹாஜியார், கொஞ்சம் பொறுங்க என்று நாலு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சம்பந்தியாக வரப்போகிற மனிதரின் கையை, அதுவும் பேசி முடிக்க வந்த நாளில், சாப்பாட்டில் வைத்துப் பிடிப்பதா? இந்த ஊரில் பகையாளியைக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் பழம் உள்ளே போய்விட்டது. மூத்தவர் தொடங்கிய பிறகு பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று மச்சான்மார் எடுத்தார்கள். வாப்பா எடுத்த பிறகு ஸப்ரி எடுத்தான். விருந்தாளிகள் சாப்பிட, வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அது அவர்களைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று, கடைசியில் மசூர் சேரும் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். முழுச் சூரியனும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கஞ்சிக் கோப்பை பாதியாகும்போது, பள்ளிவாசல் மோதினார் ஒலிபெருக்கி இல்லாமல் வெளியே வந்து தொண்டையால் பாங்கு சொன்னார். காற்றில் மெல்லிசாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பளீல் ஹாஜியார் கோப்பையைப் பாயில் வைத்தார், வாயைத் துடைத்தார், மஃரிப் தொழ வேண்டும் என்று எழுந்தார். வட்டிலப்பம் வெட்டாமல் அப்படியே கிடந்தது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஊர் முழுக்க இதே கதைதான். சேர் வீட்டுக்குத் தனிச் சூரியன் ஒன்று இருக்கிறது என்றார்கள். ஒளிமுறிவைப் படித்துப் பாஸான ஒருவர் பள்ளிக்கூடத்தில் சேரிடம் வாங்கிய அடிக்கெல்லாம் வட்டியோடு பகிடி பண்ணினார். சேரின் பழைய மாணவர்களில் ஒருவரான முபீன் மௌலவிதான் ஆறுதலாகப் பேசினார். பௌதிகவியலில் கோட்டை விட்டதால் மதரஸாவுக்குப் போனவர் அவர். சேர் சொன்ன கணக்குச் சரிதான், கலண்டர் போடுகிறவர்களும் அந்த வளைவைச் சேர்த்துத்தான் நேரம் கணிக்கிறார்கள், ஆனால் நோன்பு கண்ணுக்குத் தெரிகிற சூரியனுக்குத்தான் என்றார். பதினைந்து பேரும் பிறகு ஆளுக்கொரு நோன்பை ஈடாகப் பிடித்துக் களாச் செய்துவிட்டால் போதும், சேர் ஜும்ஆவுக்குப் பின் எழுந்து தன் பிழையை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊர் வாயும் அடங்கிவிடும் என்றார். சேருக்கு மனம் லேசானது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் கணக்குத் தெரிந்தும் இந்தச் சின்ன விஷயம் அந்த நேரத்தில் தன் வாயில் வரவில்லையே என்று இருந்தது.

ஸம்றாவும் அதைத்தான் சொன்னாள். அவள் அழுதிருந்தாள், வெங்காயம் என்று சொன்னாள். "மன்னிப்புக் கேளுங்க வாப்பா. கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போகா," என்றாள். அந்தக் கண்களைப் பார்த்த பிறகு சேருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முதலில் சம்பந்தியைச் சரிக்கட்டுவோம் என்று நேரே துணிக்கடைக்குப் போனார்.

பெருநாள் வியாபாரம், கடையில் கால் வைக்க இடமில்லை. ஹாஜியார் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்த் துணிப் பொதியில் உட்கார வைத்தார். மார்க்கத்தில் பிழை விட்டேன் என்று பள்ளிவாசலில் சொல்லப்போகிறேன் என்றார் சேர். ஹாஜியார் தலையாட்டவில்லை.

"அது மட்டும் காணா சேர். நீங்க அண்டைக்குச் சொன்னதே பொய் எண்டு சொல்லோணும்."

"சொன்னது பொய் இல்லையே ஹாஜியார். நேரத்துக்கு முந்தித் திறந்ததுதானே பிழை?"

ஹாஜியார் கோபப்படவில்லை. சீலையை மடிப்பதுபோல ஆறுதலாக விஷயத்தை மடித்து வைத்தார். "நீங்க சொன்னது மெய்யெண்டா, நீங்க சும்மா ஒரு பாடந்தான் சொன்னீங்க, திண்டது நான். பளீலுக்கு ரெண்டு நிமிசம் பசி பொறுக்க ஏலாமப் போயித்து எண்டு ஊர் கதைக்கும். பொய்யெண்டா நான் ஏமாந்தவன். ஏமாந்தவனுக்கு ஊருக்குள்ள ஒரு மரியாதை இரிக்கி. மறுகா நாம சம்பந்தம் பேசலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் சேர் தனக்குத்தானே வாதாடினார். வெளிச்சம் வளையாது என்று ஒரு வசனம்தானே. அதைச் சொல்வதால் வெளிச்சம் நேராகிவிடப் போகிறதா? மகள் மூன்று வருடம் காத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போனால் என்ன? ஆனால் இதே வசனத்தை எழுதிய எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு கீறியிருப்பார்!

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. முபீன் மௌலவி ஒலிவாங்கியைக் கொடுத்தார். முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். வைத்தியர், கணக்காளர், மீன் வாடிக்காரர் என்று எல்லோரும் வகுப்பில் இருந்ததுபோலவே வரிசையாக இருந்தார்கள். பளீல் ஹாஜியார் முதல் வரிசையில் ஏமாந்தவனின் முகத்தோடு இருந்தார்.

"அண்டைக்கு என்ர வீட்டுல பதினைஞ்சு பேர்ர நோன்பு என்னாலதான் பழுதாகிச்சு. அது என்ர பிழை," என்றார் சேர். அதோடு நிறுத்தினால் போதும் என்பதுபோல மௌலவி கையை நீட்டினார். சேர் ஒலிவாங்கியை விடவில்லை. "நான் சொன்னதும் பொய். சூரியன் தெரியுற இடத்துலதான் இரிக்கி. வெளிச்சம் நேராத்தான் வரும். வளையாது."

மூன்றாம் வரிசையில் ஒருவர், அப்படியென்றால் தனக்கு வெட்டிய ஐந்து புள்ளி என்னவாயிற்று என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டார், இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள். முபீன் மௌலவி மட்டும் சிரிக்கவில்லை, கீழே கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பளீல் ஹாஜியார் எல்லோரும் பார்க்க சேரைக் கட்டிப்பிடித்தார். பெருநாளைக்கு அடுத்த கிழமையே காவின் எழுதிக் கல்யாணத்தை முடித்துவிடுவோம் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். பிறகு பிடியை விடாமலே வாயைச் சேரின் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "சேர், அண்டைக்கு மெய்யாவே போயித்துத்தானே?"

"ஓம்," என்றார் சேர்.

"எனக்குத் தெரியும்," என்றார் ஹாஜியார் மிகுந்த திருப்தியோடு. "நீங்க விளங்கப்படுத்தினா ஆருக்குத்தான் விளங்கா?"

முப்பத்தொரு வருடம் ஏங்கிய பாராட்டு. சேர் மெல்ல அந்தப் பிடியை விலக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

வீட்டுக்கு வந்தபோது நஸ்லின் கையில் தொலைபேசியோடு ஊர் முழுக்க இருந்த சொந்தங்களுக்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்திருந்ததால் ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்திருந்தது. அவர் பேசியதில் ஒரு எழுத்து விடாமல் தெருவுக்கே கேட்டிருந்தது. ஸம்றா மாடிப் படியில் இருந்தாள்.

சந்தோஷமா மகள் என்று கேட்டார். சந்தோஷந்தான் வாப்பா என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுடைய முகத்தில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை.

"பேரீச்சம்பழத்துக்குத்தான் உங்கள நான் மன்னிப்புக் கேக்கச் சொன்ன. சூரியனுக்கு ஆரு கேக்கச் சொன்ன?"

உனக்காகத்தான் என்று சேர் சொன்னால், அந்தச் சுமையை ஆயுசுக்கும் அவள் தலையில் தூக்கி வைத்ததாகிவிடும்.

"நோன்பு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தா பதினோராம் ஆண்டுப் புள்ளையளுக்கு நான்தான் ஒளிமுறிவு எடுக்கோணும்," என்றாள் ஸம்றா. "இண்டைக்கு எல்லாப் புள்ளையளும் ஸ்பீக்கர்ல கேட்டிரிக்குங்கள். உங்கட வாப்பா வளையாது எண்டாரே டீச்சர் எண்டு கேட்டா, நான் என்னத்தச் சொல்ற?"

சேர் செருப்பைக் கழற்றினார். அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"வளையும் எண்டு சொல்லு. வாப்பா பொய் சொன்னவர் எண்டும் சொல்லு."

"ஏன் சொன்னவர் எண்டு கேட்டா?"

மசூர் சேர் கழற்றிய செருப்பைச் சோடியாக எடுத்துப் படியோரம் வைத்தார்.

"அது பரீட்சைக்கு வராது எண்டு சொல்லு மகள்," என்றார்.